ஒரே திரவம், நான்கு வேலை: நைட்ரோ டிரக்கை ட்யூன் செய்யும் கலை

100 சிசி மோட்டார் சைக்கிளின் எஞ்சின் சுமார் 8 குதிரைத்திறன் தரும். ரேடியோவால் இயக்கப்படும் நைட்ரோ டிரக்கில் இருக்கும் 3.5 சிசி எஞ்சின், தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்குப்படி, 2 குதிரைத்திறனை எட்டுகிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழலும். டூ ஸ்ட்ரோக் என்பதால் சுற்றுக்கு ஓர் எரிப்பு. அதாவது, நொடிக்கு 500 எரிப்புகள். இத்தனைக்கும் இதில் ரேடியேட்டர் கிடையாது, ஆயில் பம்ப் கிடையாது, ஓடும்போது தீப்பொறி தரும் மின்சுற்றும் கிடையாது.

இவை எல்லாவற்றின் வேலையையும் ஒரே திரவம் செய்கிறது. டேங்கில் ஊற்றும் எரிபொருளே எஞ்சினுக்குச் சக்தி தருகிறது, அதைக் குளிர்விக்கிறது, உராயும் பாகங்களுக்கு எண்ணெய் பூசுகிறது, எந்தக் கணத்தில் பற்ற வேண்டும் என்பதையும் பெருமளவு அதுவே தீர்மானிக்கிறது. கார்புரேட்டரில் உள்ள ஊசித் திருகை நீங்கள் கொஞ்சம் திருப்பினால் இந்த நான்கும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் முதலில் மனதில் இருத்த வேண்டிய உண்மை இதுதான். இது புரிந்துவிட்டால் எதை எப்போது திருப்புவது, எந்த உதிரிபாகத்தை முதலில் வாங்குவது என்ற கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

1999இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த டிராக்ஸஸ் நிறுவனம் டி-மேக்ஸ் என்ற டிரக்கை வெளியிட்டது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, இரண்டு கியர், ரிவர்ஸ், கயிறு இழுக்காமல் பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் வசதி என்று பலதும் சேர்ந்து வந்ததால், பந்தயக்காரர்களின் உலகமாக இருந்த நைட்ரோ, பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்கள் கைக்கும் வந்து சேர்ந்தது. அதில் இருந்தது .15 அளவு எஞ்சின். அந்த எண் கன அங்குலத்தைக் குறிக்கிறது. நம் கணக்கில் சுமார் 2.5 சிசி. பழைய டி-மேக்ஸ் ஒன்றைக் கைமாற்றாக வாங்கி ஆரம்பிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையை அப்படி ஒரு டிரக்கை முன்னால் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

டேங்கில் என்ன இருக்கிறது?

நைட்ரோ எரிபொருள் மூன்று பொருட்களின் கலவை. பெரும்பகுதி மெத்தனால். அடுத்தது நைட்ரோமீத்தேன், பெரும்பாலும் 10 முதல் 30 சதவீதம். மிச்சம் எண்ணெய்: செயற்கை எண்ணெய், அல்லது ஆமணக்கிலிருந்து எடுக்கும் விளக்கெண்ணெய், அல்லது இரண்டும் கலந்தது. விளக்கெண்ணெய் மெத்தனாலில் நன்றாகக் கரையும். அதிக வெப்பத்திலும் உலோகத்தை விட்டு அகலாமல் மெல்லிய படலமாகப் படியும். முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி எஞ்சின்களும் இதே எண்ணெயை நம்பித்தான் பறந்தன.

நைட்ரோமீத்தேனின் ரகசியம் அதன் மூலக்கூறிலேயே இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் சுமார் 44 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரு கிலோ நைட்ரோமீத்தேன் தருவது 11 மெகாஜூல் சொச்சம்தான். பார்த்தால் பலவீனமான எரிபொருள். ஆனால், எஞ்சினின் சக்திக்கு எல்லை போடுவது எரிபொருளைவிடக் காற்றுதான். சிலிண்டருக்குள் ஒரு சுற்றில் நுழையக்கூடிய காற்று அவ்வளவுதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால் அதற்கு 1.7 கிலோவே போதுமானது. ஆகவே, உள்ளே வரும் ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் பெட்ரோலும் மெத்தனாலும் தருவது சுமார் 3 மெகாஜூல். நைட்ரோமீத்தேன் தருவது 6 மெகாஜூலுக்கும் மேல்.

மெத்தனாலுக்கும் தனிச் சிறப்பு உண்டு. திரவத்திலிருந்து ஆவியாகும்போது கிலோவுக்கு சுமார் 1,100 கிலோஜூல் வெப்பத்தை அது உறிஞ்சுகிறது. பெட்ரோல் உறிஞ்சுவது சுமார் 350. அதே அளவு காற்றுக்கு மெத்தனால் இருமடங்குக்கு மேல் தேவைப்படுவதால், உள்ளே வரும் காற்றைப் பொறுத்துக் கணக்கிட்டால், பெட்ரோலைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு குளிர்ச்சி கிடைக்கிறது. ரேடியேட்டர் இல்லாமலே இந்த எஞ்சின் பிழைத்திருப்பது இதனால்தான்.

தீப்பொறி இல்லாத தீ

1817இல் ஹம்ஃப்ரி டேவி ஒரு விந்தையைக் கண்டார். சூடாக்கிய பிளாட்டினம் கம்பியை எரிவாயுவும் காற்றும் கலந்த கலவைக்குள் வைத்தால், சுடர் இல்லாமலே அது தொடர்ந்து தணலாக ஒளிர்ந்தது. பிளாட்டினத்தின் பரப்பில் எரிவாயு ஆக்சிஜனோடு சேர, அந்த வெப்பமே கம்பியைச் சூடாக வைத்திருந்தது. 1947இல் அமெரிக்கர் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக் இதே தத்துவத்தில் வேலை செய்கிறது. அதன் உள்ளே இருப்பது பிளாட்டினம் கலந்த சிறிய கம்பிச்சுருள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் 1.5 வோல்ட் அளவு பேட்டரியால் அதைச் சூடாக்குகிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிடலாம். முந்தைய எரிப்பின் வெப்பமும், மெத்தனாலோடு பிளாட்டினம் நிகழ்த்தும் வேதிவினையும் சுருளை ஒளிரவைத்துக்கொண்டே இருக்கும்.

அப்படியானால், எந்தக் கணத்தில் கலவை பற்றும் என்பதைத் தீர்மானிப்பது யார்? பிளக்கின் சூடு, அழுத்த விகிதம், நைட்ரோ சதவீதம், கலவையின் செறிவு ஆகிய நான்கும் சேர்ந்துதான். எரிபொருள் குறைந்து கலவை மெலிந்தால் எஞ்சின் சூடாகும். சூடானால் கலவை சற்று முன்னதாகவே பற்றும். முன்னதாகப் பற்றினால் மேலே ஏறி வரும் பிஸ்டனை எரிப்பு எதிர்த்துத் தள்ளும், சூடு இன்னும் ஏறும். அதே நேரத்தில் எண்ணெயும் குறைந்திருக்கும், ஏனென்றால் எண்ணெய் வருவதும் அதே எரிபொருளில்தான். செறிந்த கலவையில் ஓடும் எஞ்சின் புகை கக்கும், மந்தமாக இருக்கும், ஆனால் உயிரோடு இருக்கும். மெலிந்த கலவையில் அது சில நிமிடம் அட்டகாசமாக ஓடும். பிறகு பிஸ்டனோ கனெக்டிங் ராடோ போய்விடும். சந்தேகம் வந்தால் செறிவின் பக்கம் நில்லுங்கள்.

முதல் டேங்குகள்

இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் பிஸ்டன் ரிங் கிடையாது. அலுமினியப் பிஸ்டன், அது ஏறி இறங்கும் பித்தளை ஸ்லீவ், அதன் உள்ளே குரோமியப் பூச்சு. ஸ்லீவின் மேல்முனை நூலிழை அளவு குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். அதனால், குளிர்ந்த எஞ்சினைக் கையால் சுற்றினால் பிஸ்டன் உச்சியில் இறுகி நிற்கும். பழுதோ என்று பயப்பட வேண்டாம். புது எஞ்சினின் ஆரோக்கியத்துக்கு அடையாளமே அந்த இறுக்கம்தான். ஓடும் வெப்பத்தில் எரிப்பு நடக்கும் மேல்முனை விரிந்து, இறுக்கம் தளர்ந்து, பிஸ்டனும் ஸ்லீவும் கச்சிதமாகப் பொருந்தும்.

புது எஞ்சினைப் பழக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. கலவையைச் செறிவாக வைத்து, த்ராட்டிலை அளவாகத் தந்து, சூடாகி ஆறும் சுழற்சிகளைச் சில டேங்குகளுக்கு நடத்த வேண்டும். செறிவு வேண்டும் என்பதற்காகத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்கு எஞ்சினைக் குளிரவைத்தே ஓட்டுவதும் தவறு. விரியாத ஸ்லீவுக்குள் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனை இடித்து ஏற்றுவது கனெக்டிங் ராடைத்தான் களைப்பாக்கும். ஓட்டம் முடிந்ததும் ஃப்ளைவீலைத் திருப்பிப் பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். ஆறும்போது சுருங்கும் ஸ்லீவ் அதைக் கவ்விக்கொள்ளாது.

மூன்று திருகுகள்

கார்புரேட்டரில் மூன்று திருகுகள் உண்டு. முதலாவது, ஹை ஸ்பீடு நீடில். எரிபொருள் முழுவதும் இதன் வழியாகத்தான் வருகிறது, அதனால் எல்லா வேகங்களிலும் இதன் கை இருக்கும். இரண்டாவது, லோ ஸ்பீடு நீடில். ஐட்லிங்கிலும், அங்கிருந்து வேகமெடுக்கும் கட்டத்திலும் இதன் ஆட்சி. மூன்றாவது, ஐடில் ஸ்க்ரூ. த்ராட்டிலை விட்டபின் காற்று வழி எவ்வளவு திறந்து நிற்க வேண்டும் என்பதை இது நிர்ணயிக்கிறது. நீடிலைக் கடிகார முள் திசையில் திருப்பினால் கலவை மெலியும். எதிர்த்திசையில் திருப்பினால் செறியும்.

மேலிருந்து கீழே வருவதே முறை. எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு ஹை ஸ்பீடு நீடிலைக் கையில் எடுங்கள். நேர்க்கோட்டில் முழு வேகத்தில் ஓட விட்டுக் கவனியுங்கள். அடர்புகையோடு மந்தமாக உறுமினால் கலவை செறிவாக இருக்கிறது. பன்னிரண்டில் ஒரு சுற்று, அதாவது கடிகாரத்தில் ஒரு மணி நேர அளவு மட்டும் மெலியவிட்டு, மறுபடி இரண்டு மூன்று ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு திருகை, ஒரே ஒரு அடி. மெல்லிய நீலப்புகைக் கோடு பின்னால் நிற்கும்போதே வேகம் நன்றாக வந்துவிட்டால் அங்கே நிறுத்திவிடுங்கள். முழு வேகத்தில் புகை மறைந்து, எஞ்சின் திடீரென்று தளர்ந்தால், உடனே த்ராட்டிலை விட்டு நீடிலைச் செறிவுப் பக்கம் திருப்ப வேண்டும்.

அடுத்து லோ ஸ்பீடு நீடில். ஐட்லிங்கில் இருக்கும்போது கார்புரேட்டருக்கு அருகில் எரிபொருள் குழாயை விரலால் அழுத்திப் பிடியுங்கள். வேகம் லேசாக ஏறி, மூன்று நொடி அளவில் எஞ்சின் அணைந்தால் சரியான அமைப்பு. ஏறாமலே சட்டென்று அணைந்தால் மெலிவு. வெகுநேரம் தாக்குப்பிடித்து, வேகம் நிறைய ஏறி, பிறகு அணைந்தால் செறிவு. இந்தச் சோதனை வேலை செய்வதற்குக் காரணம் எளிது: வரத்து நின்றதும் உள்ளே மிச்சமிருக்கும் எரிபொருள் படிப்படியாகக் குறைகிறது; செறிந்த கலவை, சிறந்த எரிப்புக்கான விகிதத்தைக் கடந்துதான் மெலிவுக்குப் போக முடியும், கடக்கும்போது வேகம் ஏறுகிறது. லோ ஸ்பீடு நீடில் அமைந்ததும் ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்து, சக்கரம் சுழலாமல் எஞ்சின் மட்டும் சீராக ஓடும்படி வையுங்கள். கடைசியாக ஹை ஸ்பீடு நீடிலை மறுபடி சோதியுங்கள்.

எத்தனை திருப்பியும் ட்யூனிங் ஓரிடத்தில் நிற்கவில்லை என்றால் திருகை விட்டுவிட்டுக் கசிவைத் தேடுங்கள். சைலன்சரிலிருந்து டேங்குக்குப் போகும் சிறு குழாய் புகையின் அழுத்தத்தால் எரிபொருளைத் தள்ளுகிறது. அதில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும், டேங்க் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலும், கார்புரேட்டர் பொருந்தும் கழுத்தில் காற்று புகுந்தாலும் கலவை மெலிந்துபோகும்.

எஞ்சின் சொல்வதைக் கேட்பது

அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்குவது நல்ல முதலீடு. பிளக் இருக்கும் குழிக்குள் நேராகப் பிடித்து அளக்க வேண்டும். பளபளக்கும் அலுமினியம் அகச்சிவப்புக் கதிரை மிகக் குறைவாக வெளிவிடுவதால், பக்கவாட்டில் பிடித்தால் உண்மையைவிடக் குறைந்த அளவையே கருவி காட்டும். பெரும்பாலான எஞ்சின்கள் 100 முதல் 125 டிகிரி செல்சியஸுக்குள் நன்றாக ஓடும். வெப்பநிலையை இலக்காக வைத்துத் திருகாதீர்கள். அது சாட்சி மட்டுமே. புகை, ஓசை, பிக்கப், வெப்பநிலை ஆகிய நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். கழற்றிய பிளக்கும் பேசும்: சுருள் ஈரமாகப் பளபளத்தால் செறிவு, சாம்பல் நிறமாகி முறுக்கிக்கொண்டிருந்தால் மெலிவு.

வானிலையும் இதில் கைவைக்கும். 35 டிகிரி காற்று, 20 டிகிரி காற்றைவிட சுமார் 5 சதவீதம் அடர்த்தி குறைவு. வெயிலில் உள்ளே வரும் ஆக்சிஜன் குறைவு என்பதால், அங்கே சரியாக அமைத்த நீடில், குளிர்ந்த மறுநாள் காலையில் மெலிவாகிவிடும். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வர் நகரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. கடற்கரை ஊரின் அமைப்பு அங்கே செறிவாக இருக்கும். ஒவ்வொரு நாளும் முதல் ஓட்டத்துக்கு முன் ஹை ஸ்பீடு நீடிலைச் சற்றுச் செறிவாக்கித் தொடங்குவது அனுபவசாலிகளின் வழக்கம். தேதி, வெப்பநிலை, நீடிலின் நிலை, பிளக் வகை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் சில வாரங்களில் உங்கள் எஞ்சினின் குணம் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

எதை மாற்றுவது, எப்போது?

டிரக்கில் சக்தி ஒரு சங்கிலியாகப் பயணிக்கிறது: எஞ்சின், கிளட்ச், கியர், டிஃபரன்ஷியல், அச்சுத்தண்டு, சக்கரம். ஒரு கண்ணியை வலுவாக்கினால் அடுத்த பலவீனமான கண்ணி அறுபடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டிரக்கை 70 கிலோமீட்டருக்கு உயர்த்தினால் இயக்க ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காகிறது. 4 கிலோ எடையுள்ள டிரக் அந்த வேகத்தில் சுமக்கும் ஆற்றல், அதை ஆறாவது மாடியிலிருந்து கீழே போட்டால் கிடைக்கும் ஆற்றலுக்குச் சமம். பெரிய எஞ்சினைப் பொருத்துவதற்கு முன் இந்தக் கணக்கை யோசியுங்கள்.

முதல் செலவு பாதுகாப்புக்கு. 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவோடு வரும் பழைய டிரக் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுக்கு மாறுங்கள். சிக்னல் அறுந்தால் த்ராட்டிலை மூடி பிரேக் பிடிக்கும் ஃபெயில்சேஃப் வசதி அதில் இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். ரிசீவர் பேட்டரி செத்தாலும் கார்புரேட்டரை மூடிவிடும் ஸ்பிரிங் ஒன்றையும் போடுங்கள். விலை அற்பம், காக்கும் உயிர் விலைமதிப்பற்றது.

இரண்டாவது செலவு ஆயுளுக்கு. எண்ணெயில் நனைத்த நல்ல ஃபோம் ஏர் ஃபில்டர். அதை அடிக்கடி கழுவி மறுபடி எண்ணெயிடுவது. பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே நுழையும் மண்துகள் உப்புத்தாள்போல் இரண்டையும் தேய்த்து, அந்த மேல்முனை இறுக்கத்தையே அழித்துவிடும். அடுத்து, இரண்டு மூன்று உபரி பிளக்குகள். நைட்ரோ சதவீதத்தை உயர்த்தினால் எரிப்பு முந்திக்கொள்ளும். அதற்கு ஈடாகக் குளிர் ரக பிளக்கும், சில எஞ்சின்களில் ஹெட்டுக்கு அடியில் கூடுதல் ஷிம்மும் (மெல்லிய உலோக வளையம்) தேவை. எரிபொருளை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விடுவது அரைகுறை வேலை. தேய்ந்த பேரிங்குகள், உலோகத்தில் உலோகம் இறங்கும் ஸ்க்ரூக்களுக்கு நீல நிறத் திருகுப் பசை ஆகியவையும் இந்த வரிசையில் வரும்.

மூன்றாவது கையாளுதல். ஷாக் அப்சார்பரில் உள்ள சிலிக்கோன் எண்ணெயின் தடிமனை மாற்றினால், குதித்து இறங்கும்போது டிரக் நடந்துகொள்ளும் விதமே மாறும். டிஃபரன்ஷியலுக்குள் தடித்த எண்ணெய் இட்டால், ஒரு சக்கரம் காற்றில் சுழன்று சக்தியை வீணாக்குவது குறையும். சில நூறு ரூபாய் எண்ணெய் தரும் மாற்றத்தை ஆயிரக்கணக்கான ரூபாய் அலுமினியப் பாகங்கள் தருவதில்லை. சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளை அலுமினியத்தில் போட்டால் பார்க்க அழகு. ஆனால், தரமான நைலான் கை மோதலில் வளைந்து பழைய வடிவுக்குத் திரும்பும். அலுமினியமோ வளைந்தபடியே நிற்கும், இல்லாவிட்டால் அடியைச் சேஸிஸுக்குக் கடத்திவிடும்.

வேகம் நான்காவது. கிளட்ச் பெல்லில் 15 பற்களுக்குப் பதில் 16 பற்கள் போட்டால் உச்ச வேகம் சுமார் 7 சதவீதம் கூடும். ஏறத்தாழ அதே அளவு இழுவை குறையும், கிளட்ச் கூடுதலாகச் சூடாகும். அதன் பிறகே சைலன்சர். டூ ஸ்ட்ரோக்கில் ட்யூன்டு பைப் என்பது ஓசையை அடக்கும் குழாய் மட்டுமில்லை. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் வால்டர் காடன் 1950களில் இதைச் செம்மைப்படுத்தினார். விரிந்து சுருங்கும் குழாயின் சுருங்கும் கூம்பில் பட்டுத் திரும்பும் அழுத்த அலை, வெளியே தப்பவிருந்த புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற அளவைத் தொட்டது. 

ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளினால்தான் உயரும். இந்த அலையும் அப்படித்தான். 30,000 சுற்றில் எக்ஸாஸ்ட் வழி திறந்திருப்பது ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. சூடான புகையில் அலையின் வேகத்தை நொடிக்கு 500 மீட்டர் என்று கொண்டால், அந்த நேரத்தில் அது போய்த் திரும்பக்கூடிய தூரம் ஒருவழிக்கு சுமார் 23 சென்டிமீட்டர். எனவே, ஒவ்வொரு பைப்பும் ஒரு குறிப்பிட்ட சுற்று வேகத்துக்கே உரியது. உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தாத பைப்பை, விலை அதிகம் என்பதற்காகப் பொருத்தினால் சக்தி குறையவும் கூடும். பைப் மாற்றினால் நீடில்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும்.

கவனம் தேவைப்படும் திரவம்

மெத்தனால் நச்சு. உள்ளே போனால் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். தோல் வழியாகவும் ஊடுருவும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில், இறுக மூடி வையுங்கள். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டாதீர்கள். வெடிபொருள் தயாரிப்புக்கும் நைட்ரோமீத்தேன் பயன்படக்கூடும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 16 சதவீதத்துக்கு மேல் அது கலந்த எரிபொருளைப் பொதுமக்கள் தங்கள் விருப்பப்படி வாங்கிவிட முடியாது. மெத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். எரிப்பின் எச்சங்களோடு அந்த ஈரம் சேர்ந்தால் பேரிங் துருப்பிடிக்கும். நாள் முடிவில் டேங்கை வடித்து, மிச்ச எரிபொருளை எஞ்சினே எரித்துத் தீர்க்க விட்டு, பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில துளி ஆஃப்டர் ரன் எண்ணெய் விட்டுச் சுழற்றி வையுங்கள்.

வேகம் மட்டும் வேண்டுமென்றால் இன்று லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் நைட்ரோவை எளிதில் முந்திவிடும். சுத்தமும் அமைதியும் கூடுதல் லாபம். நைட்ரோவைத் தேர்ந்தெடுப்பவர் தேர்ந்தெடுப்பது ஓர் எரிப்பறையைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பை. வேதியியல், வெப்ப இயக்கவியல், ஒலி அலை, உலோகவியல் எல்லாமே இங்கே கைக்கெட்டும் தூரத்தில், ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையில் நடக்கின்றன. அதனால், முதல் சில மாதங்கள் உதிரிபாகக் கடையை மறந்துவிட்டு, கையில் இருக்கும் எஞ்சினையே குளிரிலும் வெயிலிலும் ட்யூன் செய்து பழகுங்கள். பிறகு எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று கேட்க வேறு ஆள் தேவைப்படாது. எந்தக் கண்ணி பலவீனமானது என்பதை உங்கள் டிரக்கே காட்டிக்கொடுத்திருக்கும்.